பூட்டிய வாய் திறக்க: மலாய் படிக்கும் ஆசையை மனத்திலிருந்து தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் என் டியூஷன் வகுப்புக்கு வந்த ஒரு பையன், மலாய் வாசிக்கச் சொன்னால் புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வான். குரல் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து வரும். இரண்டு வரிக்கு மேல் அதுவும் வராது. கணக்கில் கெட்டிக்காரன். தமிழில் கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். அவனைக் கொண்டுவந்து விட்ட அம்மா சொன்னது இதுதான்: "டீச்சர், இவனுக்கு மலாய் மண்டையில ஏறவே மாட்டேங்குது."

மண்டையில் குறை எதுவும் இல்லை. மலாய் என்றதும் அவன் உடம்பு எதையோ நினைத்துக்கொண்டது. அது என்ன என்று தெரியாமல் எத்தனை பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாலும் பிரயோசனம் இல்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1959-இலேயே ராபர்ட் கார்ட்னரும் வாலஸ் லாம்பர்ட்டும் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்த, ஆங்கிலம் பேசும் பள்ளி மாணவர்களை ஆராய்ந்தார்கள். மொழி படிக்கும் திறமை ஒரு காரணம். அந்த மொழிக்காரர்கள்மேல் உள்ள மனப்பான்மையும் படிக்கும் ஆர்வமும் சேர்ந்து வேறொரு தனிக் காரணம் என்று கண்டார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், மூளை இருந்தும் மனசு ஒட்டவில்லை என்றால் மொழி ஒட்டாது.

பிள்ளைகளின் பெற்றோர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த பிறகும் ஒரு விண்ணப்பத்தை நிரப்ப அடுத்தவரைத் தேடும் பெரியவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மலாயை வைத்துச் சொல்கிறேன். ஆங்கிலத்துக்கும் இதே வழிதான்.

படி 1: அந்தச் சம்பவத்தைக் கண்டுபிடியுங்கள்

மொழி வெறுத்துப்போன ஒவ்வொருவரிடமும் பெரும்பாலும் ஒரு சம்பவம் இருக்கும். என்னுடையதைச் சொல்கிறேன்.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போய், முதலாம் படிவத்துக்கு முன் மலாய்க்காக வைத்திருந்த புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் இருந்தவள் நான். இரண்டாம் படிவத்தில் வரலாற்றுப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். இரண்டாம் உலகப் போர் என்ற சொற்றொடர் வந்தது. மலாயில் 'e' என்று எழுதும் உயிரெழுத்துக்கு இரண்டு ஒலிகள் உண்டு. ஒன்று நம் ஏகாரத்துக்குப் பக்கத்தில் இருப்பது. மற்றது வாயைப் பாதி திறந்து, எழுத்தை விழுங்கினாற்போல் சொல்வது. போர் என்ற சொல்லை இந்த இரண்டாவது ஒலியில், ஏறக்குறைய 'ப்ராங்' என்று சொல்ல வேண்டும். நான் எழுத்தைப் பார்த்து 'பேராங்' என்று வாசித்தேன். அப்படிச் சொன்னால் பழுப்பு நிறம் என்று பொருள்.

வகுப்பு சிரித்தது. பத்து விநாடி இருக்கும். ஆசிரியரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். கெட்ட எண்ணத்தில் சிரித்தவர் இல்லை அவர். ஆனால் அதற்கப்புறம் பள்ளி முடியும்வரை நான் கை தூக்கவே இல்லை.

பிள்ளையிடம் "ஏன் மலாய் படிக்கல?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையும் தலையைக் குனிந்துகொள்ளும். "கடைசியா மலாய்ல யார்கிட்ட பேசின? பக்கத்துல யார் இருந்தாங்க? அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். நேருக்கு நேர் உட்கார வைத்தும் கேட்க வேண்டாம். வெங்காயம் உரிக்கும்போது, துணி மடிக்கும்போது, காரில் போகும்போது கேளுங்கள். கையில் வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். பதில் அன்றைக்கே வராமல் போகலாம். என் மாணவனுக்கு மூன்று வாரம் ஆனது.

அவன் சொன்னது: பள்ளிக் கேன்டீனில் ஐந்து ரிங்கிட் நோட்டைக் கொடுத்துவிட்டு மீதிக் காசுக்காக நின்றிருக்கிறான். கூட்டத்தில் கடைக்காரருக்குக் கவனமில்லை. "சாயா பூஞா டுவிட்" என்று கேட்டிருக்கிறான். என்னுடைய காசு என்பது அவன் எண்ணம். பின்னால் நின்ற பையன்கள் "பூஞா, பூஞா" என்று பாட ஆரம்பித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அதுவே அவனுக்குப் பட்டப்பெயர். மீதிக் காசையும் அவன் வாங்கவில்லை.

இதைக் கேட்டதும் "இதுக்குப் போயா?" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த சம்பவம் உங்கள் காதுக்கு வராது.

படி 2: ஐந்து கேள்விகளில் எது இடறுகிறது என்று பாருங்கள்

ஜான் ஷூமன் என்ற மொழியியல் அறிஞர் 1997-இல், மூளை உணர்ச்சிகளைக் கையாளும் விதத்தை வைத்து மொழி கற்றலை விளக்கினார். நமக்கு நடக்கும் எதையும் மனம் ஐந்து விதமாக எடை போட்டுப் பார்க்கிறது என்பது அதன் சாரம். இது புதிதா? இனிமையானதா? எனக்கு வேண்டியதா? என்னால் சமாளிக்க முடியுமா? என்னைப் பற்றி நானும் மற்றவர்களும் நினைப்பதற்கு இது என்ன செய்யும்? இப்படிப் போட்ட எடைகள் நினைவில் சேர்ந்துகொண்டே போகின்றன. அடுத்த முறை அந்த மொழி எதிரே வரும்போது கிட்டே போவதா விலகுவதா என்று முடிவு செய்வது இந்தச் சேமிப்புதான்.

ஒரு தாளில் ஐந்தையும் எழுதிப் பிள்ளையின் சம்பவத்தை அதில் பொருத்திப் பாருங்கள். கேன்டீன் பையனுக்கு மலாய் தேவை என்பது தெரியும். சமாளிக்கவும் முடிந்திருக்கும். ஐந்தாவதில், மானத்தில்தான் அடி விழுந்தது. அவனுக்கு மேலும் மேலும் இலக்கணம் சொல்லிக் கொடுப்பது நான்காவது கேள்விக்கு மருந்து போடுவதாகும். நோவு வேறு இடத்தில் இருக்கிறது.

வேறு ஒரு பெண்ணுக்கு மானப் பிரச்சினை எதுவும் இல்லை. அவளுக்கு மூன்றாவது கேள்விதான் காலி. வீடு, தமிழ்ப்பள்ளி, கோயில், கடை எல்லாம் தமிழ். மலாய் அவளுக்குப் பாடப்புத்தகத்துக்குள் மட்டும் இருந்தது. அவளுக்கு வேண்டியது மலாய் பேசும் ஒரு தோழி. பேட்மின்டன் விளையாடப் போக ஆரம்பித்தாள், தோழி கிடைத்தாள், அவ்வளவுதான்.

படி 3: பயத்துக்குப் பழகிய சின்ன இடம் கொடுங்கள்

1986-இல் எலைன் ஹார்விட்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் மொழி வகுப்புப் பதற்றத்தை அளக்க 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளை அமெரிக்காவில் உருவாக்கினார்கள். நான் அந்த மொழியில் பேசினால் மற்ற மாணவர்கள் சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது என்பது அதில் ஒரு வாக்கியம். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் வந்த பயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, டெக்சாஸில் ஸ்பானிஷ் படிக்கும் பிள்ளைக்கும் இருந்திருக்கிறது.

பயந்த நேரத்தில் தெரிந்த சொல்லும் நாக்குக்கு வராது. பயத்தோடு போராடும் மனத்தில் சொல்லைத் தேட இடம் மிச்சமிருப்பதில்லை. ஆகவே கேட்கும் கூட்டத்தை முதலில் சிறிதாக்குங்கள். முதல் வாரம் பிள்ளை ஒரே ஓர் ஆளுக்கு வாசிக்கட்டும். அந்த ஆள் மலாய் நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. தம்பி, தங்கை போதும். இரண்டாம் வாரம் இரண்டு பேர். வகுப்பில் எழுந்து வாசிப்பதெல்லாம் கடைசியில்.

வாசிக்கும் முன் பென்சிலை எடுங்கள். நான் சொன்ன அந்த இரட்டை ஒலி எழுத்து வரும் சொற்களில், ஏகாரம் போல ஒலிப்பவற்றின் மேல் ஒரு சின்னக் கோடு போடுங்கள். காமுஸ் டேவான் அகராதி அப்படித்தான் கோடு போட்டுக் காட்டுகிறது. சாதாரணப் பாடநூலில் அந்தக் கோடு இருக்காது. மேஜைக்கு உரிய 'மேஜா'வில் கோடு வரும். அரிசிக்கு உரிய 'ப்ராஸ்', பள்ளிக்கு உரிய 'ஸ்கோலா' போன்றவற்றில் வராது. ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிஷம் ஆகும். இந்த ஐந்து நிமிஷம் எனக்கு இரண்டாம் படிவத்தில் கிடைத்திருந்தால், பள்ளிக்காலம் முழுவதும் வாய் மூடி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

படி 4: பாட்டியின் மலாய்க்கு மரியாதை கொடுங்கள்

எனக்கு மிகவும் முக்கியமான படி இது. இதை யாரும் செய்வதில்லை.

அந்தப் பையனுக்கு "சாயா பூஞா" எங்கிருந்து வந்தது? அவன் பாட்டியிடமிருந்து. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கையோடு பாசார் என்ற சந்தைக்குப் போய், மீன்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் காலமெல்லாம் பேரம் பேசிய மலாய் அது. என்னுடைய என்பதை முன்னால் வைத்துப் பொருளைப் பின்னால் வைப்பது தமிழ் வரிசை. பள்ளி மலாயில் பொருள் முன்னால் வரும், உடையவர் பின்னால் வருவார்: 'டுவிட் சாயா'. பல இனத்தவரும் சேர்ந்து புழங்கிய சந்தை மலாயில் 'பூஞா' எல்லார் வாயிலும் இருந்தது. அது பேரம் பேச, கடன் சொல்ல, சண்டை தீர்க்கப் போதுமான மொழி.

பள்ளியில் சிவப்பு மையில் அது அடிக்கப்படும்போது பிள்ளைக்குப் புரிவது இலக்கணம் இல்லை. 'எங்க பாட்டி பேசுறது தப்பு' என்றுதான் புரிகிறது. அதனால் இப்படிச் சொல்லுங்கள்: "பாட்டி பேசுறது சந்தை மலாய். பரீட்சைக்கு எழுதுறது புத்தக மலாய். நம்ம தமிழ்லயும் பேசுறது ஒரு மாதிரி, எழுதுறது ஒரு மாதிரிதானே?" இதைத் தமிழ்ப் பிள்ளை உடனே பிடித்துக்கொள்ளும். இரட்டை வழக்கு நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்.

அப்புறம் பாட்டியையே பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பட்டியல் போடுங்கள். கடை மலாயில் 'கெடாய்'. கப்பல் 'காப்பால்'. கட்டில் 'காத்தில்'. பெட்டி 'பெத்தி'. குளம் 'கோலாம்'. வியாபாரத்தில் போடும் முதல் 'மோடால்'. மாம்பழம் 'மெம்பெலாம்'. சுருட்டு 'செருத்து'. கோயில் 'குயில்' என்று ஒலிக்கிறது, அதைச் சொன்னாலே பிள்ளைகள் முகம் மலரும். இவை தமிழிலிருந்து மலாய்க்குப் போனவை. தோட்டங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே கடல் கடந்து வந்த வணிகர்கள் கொண்டுவந்த உறவு அது.

கேன்டீன் பையனுக்கு நான் கொடுத்த சொல் 'பாக்கி'. மீதிக் காசுக்கு மலாயில் அதுதான் சொல். அரபு மொழியிலிருந்து நம்மிடமும் வந்தது, அவர்களிடமும் போனது. "பாக்கின்னா பாக்கியேவா, டீச்சர்?" என்று அவன் இரண்டு தடவை கேட்டான். புத்தகம் முகத்திலிருந்து இறங்கியது அப்போதுதான்.

படி 5: வாரத்துக்கு ஓர் இனிப்பான அனுபவம்

பயம் முழுதாகப் போன பிறகு பேச வைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஜான் மார்க் டேவலும் பீட்டர் மக்கின்டையரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பல நாடுகளைச் சேர்ந்த 1,746 மொழி மாணவர்களிடம் மகிழ்ச்சியையும் பதற்றத்தையும் தனித்தனியாக அளந்தார்கள். இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள் இல்லை என்று தெரிந்தது. ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் பயமும் இருக்கலாம், சந்தோஷமும் இருக்கலாம். ஆகவே பயம் ஓர் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். சந்தோஷத்தை நீங்கள் சேர்த்துக்கொண்டே போகலாம்.

எங்கள் ஊரில் இதற்குப் பாசார் மாலாமைவிடச் சிறந்த இடம் இல்லை. அந்த இரவுச் சந்தையில் குவே என்ற பலகாரம் விற்கும் ஒரு மக்சிக்கை, அதாவது மலாய் அத்தையை, தேர்ந்தெடுங்கள். கூட்டம் சேரும் முன், மாலை ஐந்தரை, ஆறு மணிக்குள் போங்கள். பிள்ளைக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். விலை கேட்பது வேண்டாம், அதற்கு ஒரு சொல்லில் பதில் வந்து பேச்சு முடிந்துவிடும். "மக்சிக், யாங் மானா பாலிங் செடாப்?" என்று கேட்கச் சொல்லுங்கள். எது ரொம்ப ருசி என்பது அர்த்தம். தன் கைப்பக்குவத்தைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டால் எந்த மக்சிக்கும் சும்மா இருக்கமாட்டார். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்த குவே கெரியாவைக் காட்டுவார், எப்படிச் செய்தார் என்பார், ஒன்றைச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்வார். பிள்ளைக்குப் பாதிதான் புரியும். பரவாயில்லை. அடுத்த வாரமும் அதே கடைக்குப் போங்கள். அதற்கப்புறம் ஒரு வாரம் தவறிப் போனால், அடுத்த முறை அவரே "எங்கே போன வாரம் காணோம்?" என்று கேட்பார். தன்னை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்பதை அந்தப் பிள்ளை அந்த மொழியில் கேட்கும் முதல் தடவை அதுவாக இருக்கும்.

நீங்கள் பக்கத்தில் நின்று சொல் எடுத்துக் கொடுக்காதீர்கள். நான்கு கடை தள்ளி நில்லுங்கள்.

படி 6: ரோஷத்தை மட்டும் நம்பாதீர்கள்

"நாலு பேர் சிரிச்சாத்தான் ரோஷம் வரும், ரோஷம் வந்தாத்தான் படிப்பான்" என்று சொல்லும் அப்பாக்கள் உண்டு. எனக்கும் ரோஷம் வந்தது. கட்டுரைகளை வரி வரியாக மனப்பாடம் செய்தேன். மலாயில் தேர்ச்சி பெறாவிட்டால், இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பது அந்த ரோஷத்துக்கு இன்னும் எண்ணெய் ஊற்றியது. நல்ல மதிப்பெண்தான் வாங்கினேன். ஆனால் பரீட்சை முடிந்த பிறகும் பஸ் கண்டக்டரிடம் மலாயில் பேச எனக்கு வாய் வரவில்லை. ரோஷம் மதிப்பெண் வாங்கித் தந்தது, பேச்சைத் தரவில்லை.

பேச்சு வந்தது மருத்துவமனையில். அம்மாவுக்கு அப்போது விரல்கள் மரத்துப் போகும். விடியுமுன் நெற்றி விளக்கோடு போய் உளி பிடித்த விரல்கள். அரசு மருத்துவமனையில் தாதி "சாக்கிட்?" என்று கேட்டார். வலி இல்லை, மரத்துப் போகிறது என்று சொல்ல வேண்டும். கட்டுரையில் நான் மனப்பாடம் செய்த சொற்களில் அது இல்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தாங்ஙான்... தா ராசா" என்றேன். கை, உணரவில்லை. தாதி சிரிக்கவில்லை. அம்மாவின் விரல் நுனியை மெல்லக் கிள்ளிக் காட்டி, "ஓ, கெபாஸ்" என்றார். நானும் "கெபாஸ்" என்றேன். அன்றைக்கு 'லெங்கோ', 'பெடே' என்று இன்னும் இரண்டு சொல் கிடைத்தன. உடம்பு உளைச்சல், எரிச்சல். மூன்றையும் நான் எங்கும் எழுதி வைக்கவில்லை, இன்றுவரை மறக்கவும் இல்லை.

ஸோல்டான் டோர்னியே 2005-இல் முன்வைத்த கருத்து இங்கே உதவும். மொழி படிப்பவருக்குள் இரண்டு உருவங்கள் இருக்கின்றன என்றார் அவர். ஒன்று, தான் ஆசைப்படும் உருவம். மற்றது, பிறருக்காக ஆக வேண்டிய உருவம். இவற்றோடு வகுப்பறை அனுபவத்தையும் மூன்றாவதாகச் சேர்த்தார். 'பாஸ் பண்ணணும்', 'மானத்தை வாங்காதே' என்பதெல்லாம் இரண்டாவது உருவத்துக்கு நாம் கொடுக்கும் தீனி. முதலாவதற்கு நாம் எதுவுமே கொடுப்பதில்லை.

பிள்ளையிடம் கேளுங்கள்: "மலாய் நல்லா வந்திருச்சுன்னு வச்சுக்கோ, மொதல்ல யார்கிட்ட போய் என்ன பேசுவ?" பதிலை விவரமாக வாங்குங்கள். எந்த இடம், என்ன உடுப்பு, என்ன வார்த்தை? ஒரு பையன் பேராக் அணி பந்தாட்டத்துக்கு வர்ணனை சொல்வேன் என்றான். அவனுக்கு அதிலிருந்தே பாடம் நடத்தினேன்.

பாட்டியை மருத்துவரிடம் கூட்டிப்போவதும் அப்படி ஓர் உருவம்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சின்னப் பிள்ளையைப் பெரிய நோய்ச் செய்தி சொல்லும் இடத்தில் மொழிபெயர்ப்பாளராக நிறுத்தாதீர்கள். அந்தப் பாரம் வேறு காயத்தை உண்டாக்கும்.

படி 7: திருத்தும் விதம்

பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழுந்து திருத்தாதீர்கள். பிள்ளை "பூஞா டுவிட்" என்றால் நீங்கள் "ஆமா, டுவிட் சாயா" என்று சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போங்கள். இதில் ஒரு குறை உண்டு. 1997-இல் ராய் லிஸ்டரும் லீலா ரான்டாவும் கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் அதிகம் செய்தது இப்படிச் சொல்லிவிட்டுப் போவதைத்தான். மாணவர்கள் அதைக் கவனித்துத் தங்களைத் திருத்திக்கொண்டது குறைவு. தானே திருத்திக்கொள்ளும்படி கேட்டபோதுதான் அதிகம் திருத்தினார்கள்.

ஆகவே என் முறை இது: முதல் இரண்டு மாதம் மெல்லச் சொல்லிவிட்டுப் போவேன். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த பிறகு, "இன்னொரு தடவை சொல்லேன்" என்று நிறுத்தி, அதன் வாயாலேயே திருத்த வைப்பேன். ஒரு நாளைக்கு ஒரு பிழைதான். பத்தையும் பிடித்தால் பத்தும் போய்விடும்.

படி 8: வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள்

மலாய் வர வேண்டும் என்று வீட்டில் தமிழைக் குறைக்கும் பெற்றோரை இப்போது பார்க்கிறேன். அழுதுகொண்டு பள்ளியிலிருந்து வரும் பிள்ளை எந்த மொழியில் உங்களிடம் சொல்லும்? படி 1-இல் கேட்கச் சொன்ன கேள்விகளை எல்லாம் தமிழில்தான் கேட்க முடியும்.

பெரியவர்களுக்கும் இதே படிகள்தான். தன் சம்பவத்தைத் தானே எழுதிப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள், தமிழிலேயே.

கேன்டீன் பையனோடு ஐந்தாவது வாரம் பாசார் மாலாமுக்குப் போயிருந்தேன். நான் தேங்காய்க் கடைப் பக்கம் நின்றேன். அவன் ஐந்து ரிங்கிட்டை நீட்டி குவே கெரியா வாங்கினான். மக்சிக் வேறு ஆளைக் கவனிக்கத் திரும்பிவிட்டார். அவன் அப்படியே நின்றான். எனக்குக் கை வேர்த்தது. "மக்சிக், பாக்கி சாயா?" என்றான். அவர் "அலாமா!" என்று சொல்லி இரண்டு ரிங்கிட்டை எடுத்துக் கொடுத்து, பைக்குள் இன்னொரு குவேயும் போட்டார்.

என்னிடம் வந்து ஒன்றைக் கடித்தான். "டீச்சர், மேல சர்க்கரை மொறுமொறுன்னு இருக்கு. மொறுமொறுன்னா மலாய்ல என்ன?"

"ராங்ஙுப்."

மென்றுகொண்டே திரும்பி அந்தக் கடைக்கு நடந்தான்.